பிழை பொறுக்கும் இரும்பு

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை நலம், வீடு நலம், இடது தோள்பட்டை நீங்கலாக நானும் நலம். அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் தோள்பட்டை உட்பட நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு நீங்கள் அன்போடு அனுப்பிவைத்த கோல்ஃப் அயர்ன் மட்டை செட் பத்திரமாக வந்து சேர்ந்தது. "அடிச்சுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு விவரமா எழுதுங்க மாப்பிள்ளை" என்று கேட்டிருந்தீர்கள். விவரமாகவே எழுதுகிறேன், ஆனால் வரிசையாகச் சொல்ல வேண்டுமென்றால் சட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பார்சல் வரப்போகிற செய்தி வந்தபோது நான் முடிவெட்டும் கடையில் நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தேன், அங்கிருந்தபடியே உங்கள் தங்கைக்கு போன் செய்து, "உன் அண்ணன் புது அயர்ன் அனுப்பியிருக்காராம், வாங்கி வை" என்றேன். அவள் அதை இஸ்திரிப் பெட்டி என்று எடுத்துக்கொண்டாள். கோல்ஃப் ஆடுகிறவள்தான், அயர்ன் என்றால் இரண்டும் தெரிந்தவள்தான், ஆனாலும் என்னை நம்பி ஒருவர் கோல்ஃப் மட்டை அனுப்புவார் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அதில் அவளைக் குறை சொல்வதற்கும் இல்லை. புதுசுதான் வருகிறதே என்று பழைய இஸ்திரிப் பெட்டியை வீடு கூட்ட வருகிற அம்மாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, என் சட்டைகளையெல்லாம் தண்ணீர் தெளித்துச் சுருட்டித் தயாராக வைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்திருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழாம் நம்பர் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுல எதை வச்சுங்க காலரைத் தேய்க்கிறது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து கசங்கிய சட்டையோடுதான் மைதானத்துக்குப் போகிறேன் என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்து, இந்த மட்டைகளோடு வந்த ஒரு சொல்லைப் பற்றி. மட்டையின் நீளம் என் உயரத்துக்குச் சரியா என்று பார்க்க, நீங்கள் வாங்கிய கடையின் கிளையிலிருந்து ஒரு விற்பனையாளர் வந்தார். மட்டையின் தடித்த முதுகைத் தடவிக் காட்டி, "இது ரொம்ப மன்னிக்கிற அயர்ன் சார். ஓரத்துல பட்டாலும் பந்து நேராப் போகும், கீழ்ப்பக்கம் அகலமா இருக்கிறதால மண்ணுல மாட்டாது" என்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! வாழ்நாள் முழுவதும் அச்சகத்தில் பிழை திருத்தியவன். "மன்னிக்கிறதுன்னா தப்பு நடந்து முடிஞ்சப்புறம். இது தப்பு நடக்கிறப்பவே தாங்கிக்குது. அதனால பொறுத்துக்கிற அயர்ன்னு சொல்லணும்" என்றேன். அவர் அசந்துபோய், "சரிங்க சார், பொறுத்துக்கிற அயர்ன்" என்றார். சமையலறையிலிருந்து உங்கள் தங்கை, "அந்த வித்தியாசம் எனக்கு நல்லாத் தெரியும்" என்று குரல் கொடுத்தாள். விற்பனையாளர் அவசரமாக அளவெடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இந்த இடத்தில் என் உண்மையான கவலையைச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஓரத்துப் பொது மைதானத்தில் வருஷா வருஷம், ஒரே பந்தை இருவர் மாற்றி மாற்றி அடிக்கிற ஜோடிப் போட்டி நடக்கும். டாக்டர் எங்கள் இருவரையும் நடக்கச் சொன்னபோதுதான் ஆடத் தொடங்கினோம், நான் நடந்துகொண்டே இருக்க, உங்கள் தங்கை எப்போது என்று தெரியாமல் நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டாள். போன வருஷம் நானும் அவளும் ஜோடியாக ஆடிக் கடைசியில் வந்தோம். அவள் அழகாகக் கொண்டுபோய் வைக்கிற பந்தை அடுத்த அடியில் நான் குளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் அவளுடைய ஜோடி நானாகவே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சங்கடத்தை விட்டுக் கேட்டேன்: "இந்தத் தடவையும் என்னோட ஆடுறியா?" அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "பாக்கலாம்" என்றாள். உங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததா? எங்கள் கல்யாணப் பேச்சில் உங்கள் அப்பா எதற்கெல்லாம் 'பார்க்கலாம்' என்றாரோ, அதில் ஒன்றையாவது இதுவரை யாரும் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு அடுத்த தெருப் பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், மனைவியை இழந்தவர், மரியாதையானவர், பந்தைத் தொலைக்காதவர், சட்டையும் கசங்காதவர். அவரும் உங்கள் தங்கையும் குழியருகே நின்று புல்லின் சாய்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, நான் என் சட்டையை நீவிவிட்டுக்கொண்டேன்.

ஆகவே உங்கள் இரும்பை முழுதாக நம்பி மைதானத்தில் இறங்கினேன். பையிலிருந்து எடுத்ததுதான் தாமதம், ஆளாளுக்கு வந்து சூழ்ந்துகொண்டார்கள். நீங்கள் என் அபிப்பிராயத்தை மட்டும்தான் கேட்டீர்கள், ஆனால் அங்கே அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "மண்வெட்டி மாதிரி இருக்கே, இதை வச்சுத் தோட்ட வேலையும் செஞ்சுக்கலாம்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு பந்தை அடித்தார், அது அவர் ஆயுளில் அடிக்காத தூரம் போய் விழுந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, எந்தக் கடை என்று காதோடு கேட்டார். எங்கள் கூட்டத்தில் 'காற்று' என்று ஒருவர் உண்டு, பந்து எங்கே போனாலும் காற்றின் மேல் பழி போடுவதால் அந்தப் பெயர். அவர் இந்த மட்டையால் வரிசையாக அடித்தார், எல்லாமே நேராகப் போயின, முகம் வாடிப்போய், "இதுல ஆடினா நான் என்னத்தைச் சொல்லிட்டு இருக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பல் டாக்டர் மட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பள்ளத்தைக் குனிந்து பார்த்து, "கடவாய்ப் பல்லுல சொத்தை விழுந்த மாதிரி இருக்கு" என்றார். பிறகு ஒரு பந்தை அடித்துவிட்டு, "ஆனா கை அதிரவே இல்லை, மரத்துப்போற ஊசி போட்ட மாதிரி இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போக வேண்டும் என்று எவ்வளவோ முயன்று பார்க்கிறேன், மனுஷன் அதற்கு இடமே கொடுக்க மாட்டேன் என்கிறார்.

உங்கள் தங்கையும் அடித்துப் பார்த்தாள். அவள் சொன்னது மட்டும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. "நல்லாத்தான் போகுது. ஆனா பழைய மட்டையில தப்பா அடிச்சா கை விண்ணுனு தெறிக்கும், தப்புன்னு தெரியும். இதுல தப்பு எது, சரி எதுன்னே தெரியலையே. தெரியாம எப்படிங்க திருத்திக்கிறது?" என்றாள். பிழை திருத்துகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! நான் கெத்து விடாமல், "திருத்தத் தேவையே இல்லாததுதானே இதோட பெருமை" என்று சொல்லிவிட்டு அடித்தேன். மச்சான், நேராகப் போனது. மட்டையின் நுனியில் பட்டது, அப்போதும் நேராகப் போனது. கம்பை ஒட்டிய குதியில் பட்டது, அதுவும் நேராகவே. வாழ்க்கையில் முதல்முறையாக என் தவறுகள் யார் கண்ணிலும் படவில்லை, எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தத் தலைகால் புரியாத வேகத்தில்தான் அசம்பாவிதம் நடந்தது. இந்த மட்டை பந்தை நேராக அனுப்பும், ஆனால் எந்தத் திசைக்கு நேராக என்பது நாம் நிற்கிற நிலையைப் பொறுத்தது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பழைய மட்டையில் நான் கோணலாக நிற்பேன், பந்து எதிர்க்கோணலில் வளைந்து எப்படியோ மைதானத்துக்குள் வந்துவிடும், ஒரு பிழையை இன்னொரு பிழை சரிக்கட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு பிழையை மட்டும் நீக்கியாயிற்று. பந்து கொஞ்சமும் வளையாமல், கயிறு பிடித்தது போல நேராகப் போய், கேன்டீனின் திறந்த ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, அடுப்பிலிருந்த சூப் பாத்திரத்தில் விழுந்தது. கேன்டீன் நடத்துகிற அம்மா ஒரு கையில் கரண்டியும் கரண்டியில் என் பந்துமாக வெளியே வந்து, "யாருய்யா இது? அடிச்ச ஆளு கொஞ்சம் முன்னால வரட்டும்!" என்று கத்தினார். 'காற்று' என்கிறவர், எனக்கு ஆதரவாகவோ பழக்க தோஷமாகவோ, வானத்தை நோக்கி விரலை நீட்டிக் காற்றைச் சோதித்தார். அப்போது உங்கள் தங்கை முன்னால் போய், "எங்க வீட்டுக்காரர்தாங்க. புது மட்டை, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள். அந்த அம்மாவின் குரல் இறங்கியது. "குறி நல்லாத்தான்மா வச்சிருக்காரு, இடத்தைத்தான் மாத்திக்கிட்டாரு" என்று சொல்லிப் பந்தைக் கழுவிக் கொடுத்தார். அவமானத்தில் காது சுட்டது என்றாலும் ஒரு விஷயத்தைக் கவனித்தேன் மச்சான்: அத்தனை பேர் முன்னால் என்னை வீட்டுக்காரர் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. பல் டாக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்திருக்கிறது.

மறுநாள் அவளே என்னை மைதானத்தின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு குடைகளைப் புல்லில் தண்டவாளம் போலப் போட்டு, ஒன்றின் ஓரத்தில் என் கால் விரல்கள் வருகிற மாதிரி நிற்கச் சொன்னாள். பின்னால் போய் நின்று பார்த்து, "கால் ஒரு ஊரைப் பாக்குது, இடுப்பு ஒரு ஊரைப் பாக்குது, தோள் ரெண்டையும் பாக்க மாட்டேங்குது" என்றாள். "மட்டைதான் பொறுத்துக்குமே" என்று மெல்ல முனகினேன். "மட்டை பந்து பட்ட இடத்தைத்தாங்க பொறுத்துக்கும். நீங்க எங்க பாத்து நிக்கிறீங்கங்கிறதை நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லி, இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பி வைத்தாள். தோள்பட்டை வலி இதனால் வந்ததுதான், புகாராகச் சொல்லவில்லை. நின்றேன், மூச்சை விட்டேன், அடித்தேன். பந்து எழுந்தது, குளத்துக்கு மேலே போனது, குளத்தைத் தாண்டியது, அந்தப் பக்கப் புல்லில் விழுந்து சமத்தாக உருண்டு நின்றது. போன வருஷம் நான் எத்தனை பந்து கொடுத்தும் திருப்தியடையாத குளம் மச்சான் அது! எனக்குக் கண் கலங்கிவிட்டது, கூச்சமில்லாமல் சொல்கிறேன். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். "ம்" என்றாள்.

இந்த 'ம்' நல்ல 'ம்'மா, வெறும் 'ம்'மா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போட்டி நெருங்கிவிட்டது, ஜோடி யார் என்று அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. தயவு பண்ணி நீங்கள் ஒரு போன் செய்து, பேச்சோடு பேச்சாக, நான் சொன்னதாகத் தெரியாமல், "மாப்பிள்ளை இப்ப நல்லா ஆடுறாராமே, அவரோடயே ஆடேன்" என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். நான் சொன்னால் கெஞ்சல் ஆகிவிடும், அண்ணன் நீங்கள் சொன்னால் ஆலோசனை. குளம் தாண்டியதை நீங்களே நேரில் பார்த்தது போலச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பல் டாக்டரைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்ல வேண்டாம், அவர் நல்ல மனிதர், அடுத்த மாதம் எனக்கு ஒரு பல்லும் அவர்தான் பிடுங்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சிறியவர்களுக்கு ஆசிகளையும், நடுவில் இருக்கிற உங்களுக்கு இரண்டையும் சேர்த்து அனுப்புகிறேன். நீங்கள் அடிக்கிற பந்தெல்லாம் நினைத்த இடத்தில் விழ வேண்டும், நினைக்காத இடத்தில் விழுந்தால் அங்கே சூப் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் போனை எதிர்பார்த்திருக்கும்
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிப் போயிருந்த நேரத்தில், மேசைமேல் இருந்த கடிதத்தை உங்கள் தங்கை முழுவதும் படித்துவிட்டாள். ஓர் இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினாள், திருத்திவிட்டேன். பிறகு நிதானமாக, "பல் டாக்டர் அவர் பொண்ணோட ஆடுறார். நம்ம ரெண்டு பேர் பேரையும் நான் எப்பவோ குடுத்தாச்சு, இந்த அயர்ன் வர்றதுக்கு முன்னாடியே" என்றாள். "அப்புறம் ஏன் நான் கேட்டப்ப பாக்கலாம்னே?" என்றேன். "நீங்க எப்படிப் பழகுறீங்கன்னு பாக்கலாம்னு சொன்னேன். குடுத்துட்டேன்னு சொல்லியிருந்தா மைதானத்துப் பக்கம் எட்டிப் பாத்திருப்பீங்களா?" என்றாள். நான் விடவில்லை, "அந்தப் பழைய மட்டையோட கடைசியாத்தான் வருவோம்னு தெரிஞ்சுமா பேர் குடுத்தே?" என்று கேட்டேன். "தெரிஞ்சுதான். போன வருஷமும் தெரிஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு ஷூ மாட்டிக்கொள்ளப் போய்விட்டாள். ஆகவே மச்சான், அவளுக்கு போன் செய்ய வேண்டாம். முடிந்தால் எனக்குச் செய்யுங்கள், இதற்கு நான் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறேன்.