கரடியின் கை உங்கள் ஊரில் இருக்கிறது

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் சுகம், கரடி மட்டும் சுமார். அங்கே எல்லாரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, விடுமுறைக்கு வாசலில் வைக்கச் சொல்லி நீங்கள் காற்றடைக்கிற கரடி அனுப்பியதில் உங்கள் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஆச்சரியம். அலங்காரச் சரக்கை மூடின பெட்டியாக வாங்கி மூடின பெட்டியாகவே விற்கிற மொத்த வியாபாரி நான். உள்ளே இருப்பது எழுந்து நிற்பதை இந்த வயதில்தான் பார்க்கிறேன். ஒன்பது அடி!

எங்கள் வீடு ஓர் ஊர், வாசல் கேட் உங்கள் ஊர் என்பது தெரியுமே. மறுநாளே எங்கள் ஊர் அதிகாரி வந்துவிட்டார். இங்கே பொம்மை எவ்வளவு உயரமும் இருக்கலாமாம், ஆடக்கூடாதாம். இதுவோ இடுப்பில் தையல் விட்டு, காற்று இறங்க இறங்க ஆடுகிறது. "ஏன் சார் ஆடக்கூடாது?" என்றேன். "யாரோ கையசைச்சுக் கூப்பிடறாங்கன்னு வண்டியை நிறுத்திடறாங்க சார்." சரியென்று பம்பை முழுசாகத் திருப்பினேன். ஆட்டம் நின்றது, ஆனால் தூக்கின வலது கை எல்லையைத் தாண்டிவிட்டது. உடனே உங்கள் ஊர் அதிகாரி டேப்போடு ஆஜர். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம், ஆறடியைத் தாண்டக்கூடாதாம். "அது என்னங்க ஆறடிக் கணக்கு?" "இவர் ஏழடி வச்சா எதிர்வீட்டுக்காரர் எட்டடி வைக்கறாருங்க. போன வருஷம் ஒரு தெருவுக்கே வெயில் விழல." இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது, அதுதான் தொல்லை. உள்ளே தள்ளி வைக்கலாமென்றால் படிக்கட்டு இடிக்கிறது. "கையை நீங்க இறக்குங்க, காலை நாங்க பார்த்துக்கறோம்" என்று தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் வரை கெடு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். உங்கள் அக்காவோ, "என் தம்பி வந்து பார்க்கற வரைக்கும் அது அங்கேயே இருக்கணும். முன்னாடியே கழட்டினீங்கன்னா அவன் இந்த வாசல்ல இனிமே கால் வைப்பானா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆகவே, அது ஓட்டைக் கரடி என்று நீங்களே அக்காவிடம் சொல்லி, எடுத்துப்போய் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள்மேல் குறையில்லை. விற்றவன்தான் பலே எத்தன். அக்காவுக்குப் பரிசு வாங்க வந்த மனுஷன் தலையில் தையல் விட்ட சரக்கைக் கட்டியிருக்கிறான். அவன் யாரென்று பார்க்க எனக்கும் ஆசை. கூடவே வருகிறேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இரண்டு கேள்வி கேட்கிறேன்.

குழந்தைகள் நன்றாக வளரட்டும். தங்கைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: கடை முகவரிக்காகப் பெட்டியைப் புரட்டினேன். அடியில் என் கடை முத்திரை. அதன் கீழே, நானே செய்யச் சொன்ன இன்னொரு முத்திரை: 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது.' நான் இல்லாத நேரம் பார்த்து வந்தீர்களாக்கும்! மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், அருமையான கரடி. சனிக்கிழமை மதியமே ஊசியும் தடித்த நூலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உட்காரவைத்துவிடுவோம். உட்கார்ந்தால் ஐந்தரை அடி, அளந்துவிட்டேன். உட்கார்ந்த கரடிக்கு இரண்டு ஊரிலும் விதி கிடையாது, அதையும் கேட்டுவிட்டேன். முத்திரை விஷயம் மட்டும் அக்கா காதுக்குப் போக வேண்டாம்.