நான் ஊசி போட்ட கல்யாணக் குதிரை

படிப்பு முடிந்த முதல் வருடத்தில் எனக்கு இருந்த அறிவு அதற்குப் பிறகு எப்போதும் இருந்ததில்லை. அதில் கொஞ்சத்தை ஒரு குதிரைக்கு ஊசியாகப் போட்டேன்.

திருப்பதியில் கால்நடை மருத்துவம் முடித்து, அங்கேயே தற்காலிக வேலையில் இருந்தேன். சொந்தக்காரப் பையன்கள் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போய்க்கொண்டிருந்த சமயம். அவர்களுக்கு நடுவில் மாட்டு டாக்டரை யார் மதிப்பார்கள்? (அம்மாவே வெளியில் வெறும் ‘டாக்டர்’ என்றுதான் சொல்லுவாள்.)

பெரியப்பா மகன் முரளிக்குத் திருச்சானூரில் கல்யாணம். கலிபோர்னியாவிலிருந்து வந்தவன், வடநாட்டுக்காரர்கள் மாதிரி குதிரையில்தான் மண்டபத்துக்கு வருவேன் என்று அடம்பிடித்தான். சித்தூரிலிருந்து காதர் பாய் என்பவர் தன்னுடைய ஒரே குதிரை சிட்டுவைக் கூட்டிவந்தார். காலை ஏழு மணி ஊர்வலத்தில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கையாகச் சிட்டுவுக்குப் பொங்கலும் லட்டும் ஊட்டினார்கள். மண்டப வாசலில் முரளி இறங்கியதும் அது முன்னங்காலால் தரையைத் தோண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. பிறகு படுத்துப் புரள ஆரம்பித்தது.

“நகருங்க, நான் டாக்டர்” என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பட்டுப் புடவையோடு மருந்துப் பையையும் கல்யாணத்துக்குத் தூக்கி வந்திருந்தேன்.

அபின் இனத்தைச் சேர்ந்த வலி மருந்து ஒன்றை ஏற்றினேன். பதினைந்து நிமிடத்தில் சிட்டு எழுந்து சாதுவாக நின்றது. காதர் பாய் கையெடுத்துக் கும்பிட்டார். நைனா நாலு பேரிடம் போய், “எம் பொண்ணுதான்” என்றார். நான் பெருமையோடு ஸ்டெதஸ்கோப்பைக் குதிரையின் வயிற்றில் வைத்தேன்.

ஒரு சத்தமும் இல்லை.

நல்ல குதிரையின் வயிறு தண்ணீர் லாரி மாதிரி கடகடத்துக்கொண்டே இருக்கும். இடப்பக்கம் கேட்டேன், வலப்பக்கம் கேட்டேன். அமைதி. பரீட்சையில் நானே எழுதி மார்க் வாங்கிய பாடம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அபின் மருந்து வலியோடு சேர்த்துக் குடலையும் அடக்கிவிடும். வலியிலும் மிரட்சியிலும் மூளையே அபினைப் போன்ற சிறு புரதங்களைச் சுரக்கும். அவற்றாலும் குடல் மந்தமாகும். பாண்டு வாத்தியத்தில் மிரண்டிருந்த சிட்டுவுக்கு அதன் மூளை கொடுத்தது பத்தாதென்று நானும் கொடுத்திருந்தேன். உள்ளே பொங்கலும் லட்டும் நின்ற இடத்தில் நிற்கும். குதிரை வாந்திகூட எடுக்க முடியாத பிராணி. குடல் மறுபடி ஓடாவிட்டால் வயிறு உப்பி, அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

“மேடம், லத்தி போடலியே” என்றார் காதர் பாய்.

“போடும்.”

“எப்போ?”

பாடத்தில் அது இல்லை.

மண்டபத்தைச் சுற்றிக் குதிரையை நடத்தினோம். சுற்றுக்கு ஒரு முறை நின்று ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். “மூணு பொண்ணுங்க மேடம். இது நடந்தாத்தான் எங்களுக்குச் சோறு” என்று அவர் மெதுவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பயத்தில் என் வயிறு எனக்கும் சிட்டுவுக்கும் சேர்த்து ஓடியது. (இரண்டு முறை கயிற்றை அவரிடம் கொடுத்துவிட்டு நானும் ஓடினேன்.)

பத்து மணிக்கு நைனா வந்தார். “இன்னாம்மா இங்கயே சுத்திக்கினு இருக்கிற? முகூர்த்தம் ஆவுது. உங்கம்மா திட்டிக்கினு இருக்கா.”

“நைனா, குதிரை செத்துடும்னு பயமா இருக்குது. நான் போட்ட ஊசிதான்.”

நைனா விவசாயி. மாடு செத்த வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். “நீ காது வெச்சிக்கினு வா. நான் பின்னாடி பாத்துக்கினு வரேன்.”

பத்தரைக்கு ஸ்டெதஸ்கோப்பில் சின்னதாக ஒரு ‘குர்’. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மண்டபத்தின் பக்கவாசலுக்கு எதிரே சிட்டு நின்று வாலைத் தூக்கியது.

நைனாவின் குரல் நாலு வயல் தாண்டிக் கேட்கும். உள்ளே இருக்கும் அம்மாவுக்குச் சேதி சொல்கிறாராம். “போட்டாச்சு, போட்டாச்சு” என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தவர்கள் மேளக்காரர்கள். கூட்டம் மறைத்ததில் மேடை அவர்களுக்குத் தெரியவில்லை. ஐயர் கைகாட்டியதைக் கவனிக்காமல் விட்டோம், மூன்று முடிச்சும் போட்டாச்சு என்று பதறிக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். மேடையில் முரளி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தான். நாலா பக்கத்திலிருந்தும் அட்சதை பறந்து வந்து அவன் மூக்கில் விழுந்தது. மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவசர அவசரமாகத் தாலியைக் கட்டினான்.

வெளியே நானும் காதர் பாயும் லத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.

அன்றிலிருந்து வயிற்றைக் கேட்காமல் எந்தக் குதிரைக்கும் நான் வலி ஊசி போட்டதில்லை. இது ஊரில் யாருக்கும் தெரியாது. கெட்டிமேளக் கதை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கல்யாண நாளன்றும் முரளி அமெரிக்காவிலிருந்து நைனாவுக்குப் போன் செய்வான்.

“சித்தப்பா, போட்டாச்சா?”

“ஆச்சுப்பா. நீ கட்டு.”