டினோரா வீட்டுக்கு ஒரே ஒரு இடம்

இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் பாவாடையிலிருந்து புகை வந்தது.

"போச்சு!" என்று கத்தினாள் டினோரா. "போச்சுடி! கேம்ப்புக்குன்னு எடுத்து வச்ச பாவாடை!"

ஜிகினாவை எடுக்கப் போய்த்தான் இந்த வினை. காலையில் பார்த்தபோது பாவாடையின் பின்பக்கம் மட்டும் லேசாக ஜிகினா ஒட்டியிருந்தது. பிரஷ் போட்டாள். பின்பக்கம் இருந்தது முன்பக்கத்துக்கும் வந்தது. துவைத்தாள். ஜிகினா போகவில்லை, பாவாடைதான் ஈரமானது. காயவைக்க நேரமில்லை என்று இஸ்திரி போட்டாள். அத்தனையும் உருகி, பச்சையும் பொன்னுமாகத் துணியோடு துணியாகிவிட்டது.

பிரேசில் நாட்டு ஒலிண்டாவில், ஊரே வேஷம் போட்டு ஆடுகிற கார்னிவல் வரும் பிப்ரவரி மாதம், ஒரு தையல்காரி வீட்டில் ஜிகினா இல்லாத இடம் ஏது? சோற்றில் ஜிகினா, பைபிளில் ஜிகினா, பல் தேய்க்கிற பிரஷ்ஷில் ஜிகினா. கார்னிவல் உடுப்புத் தைக்கலாமா என்று சபையில் யாரோ கேட்டதற்கு, "நான் பாமாலை பாடிக்கிட்டேதான் தைக்கறேன்" என்று டினோரா பதில் சொல்லியிருந்தாள். பாட்டுக்கு ஜிகினா பயப்படவில்லை.

"பரவால்லம்மா, நான் பள்ளிக்கூடக் கால்சட்டையே போட்டுக்கறேன்" என்றாள் மகள் கெசியா. ஒன்பது வயது. கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கால்சட்டையா? பாஸ்டர் நடத்துற கேம்ப்புக்கு என் பொண்ணு கால்சட்டையில போவாளா? ஏன்டி காலை ஆட்டற?"

"எறும்பு கடிச்சுதும்மா."

"எறும்பு தாளத்துலயா கடிக்கும்?"

கெசியா காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டுச் சொறிந்துகொண்டாள்.

டினோராவின் பயம் பாவாடையைப் பற்றியதே அல்ல. கார்னிவல் நாட்கள் முழுவதும் பாஸ்டர் ஆண்டுதோறும் ஒரு பஸ்ஸைப் பிடித்து, சபை ஜனத்தில் ஏறுகிறவர்களை எல்லாம் மலைப் பக்கம் ஒரு பண்ணையில் கொண்டுபோய் வைத்துவிடுவார். ஜெபம், பாட்டு, பந்து விளையாட்டு, ஒன்பது மணிக்குத் தூக்கம். கார்னிவல் முடிந்து, சாம்பல் புதன் அன்று ஊருக்குத் திரும்பினால் தெருவில் குப்பைதான் இருக்கும், பாவம் இருக்காது. ஆனால் பஸ் ஒன்று, ஜனம் நிறைய. இடம் போடுகிற சிஸ்டர் நோவேமியாவிடம் டினோரா நடையாய் நடந்த பிறகு, "உங்க வீட்டுக்கு ஒரே ஒரு இடம் போட்டாச்சு, நிம்மதியா இருங்க" என்று பதில் வந்தது.

நிம்மதி எங்கே வரும்? கெசியாவின் உடம்பில் ஓடுவது யார் ரத்தம்? சபையில் சேர்ந்து ரட்சிக்கப்படுவதற்கு முன்னால் டினோரா இந்தத் தெருவின் கார்னிவல் குழுவுக்குக் கொடிக்காரியாக இருந்தவள். 'மாமியார் ஊருக்குப் போயாச்சு' என்பது குழுவின் பெயர். அந்தக் கொடியைத் தூக்கிக்கொண்டு அவள் போன போக்கில் இரண்டு தையல் கடைகளில் வேலை போனது. கெசியாவின் முதல் பிறந்தநாள் கார்னிவல் செவ்வாயில் வந்தது. கேக் இருந்தது, மெழுகுவத்தி இருந்தது, பக்கத்து வீட்டார் இருந்தார்கள், அம்மா மட்டும் இல்லை.

"நான் கெட்டது போதும். இதுவும் கெட்டுப் போச்சுன்னா நான் உயிரோட இருந்து என்ன பிரயோஜனம்?" என்று சபையில் எழுந்து சாட்சி சொல்லும்போதெல்லாம் அழுவாள். கெசியா பக்கத்தில் நின்று கைக்குட்டையை நீட்டுவாள்.

கெசியாவின் மற்ற துணிகள் எல்லாம் பையில் இருந்தன. பையின் ஜிப் பிய்ந்து, கயிறு போட்டு, மெத்தையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியாகிவிட்டது. அவிழ்த்தால் மறுபடி கட்ட முடியாது. டினோரா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆணியில் ஒரு வெள்ளைக் கவுன் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு யாரோ சொல்லித் தைத்த தேவதை வேஷம்.

"சிறகைப் பிரிச்சுட்டா வெறும் வெள்ளைக் கவுன்தானே" என்று கத்தரியை எடுத்தாள்.

சிறகு வந்தது. சிறகை நிறுத்திவைத்த கம்பி வரவில்லை. முதுகில் இரண்டு கம்பிகள் தலைக்கு மேல் உயரமாக நீட்டிக்கொண்டு நின்றன.

"அம்மா, குத்துது."

"ஜெபம் பண்ணிக்க."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் டிரம்பெட் சுருதி பார்த்தது. டினோரா சடாரென்று திரும்பி மகளைப் பார்த்தாள். கெசியா வாயைப் பிளந்து நின்றாள்.

"பாரு, பாரு! சத்தம் கேட்டதும் வாய் எப்படிப் பொளக்குது பாரு!"

"கொட்டாவிம்மா. விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிவிட்டுட்ட."

டினோரா கேட்கவில்லை. பஞ்சை உருட்டி மகளின் இரண்டு காதிலும் திணித்தாள். அதற்கு மேல் ஒரு துணியைக் கட்டினாள். முதுகில் கம்பி, தலையில் கட்டு, கையில் பை. கேம்ப்புக்குப் போகிற பிள்ளையா, ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளையா என்று சொல்ல முடியவில்லை.

பஸ் நிற்பது சபை வாசலில், மேட்டுக்குக் கீழே. வீட்டை விட்டு இறங்கி இடது பக்கம் போனால் மடத்துச் சுவரை ஒட்டிப் படிக்கட்டு, அங்கே ஈ காக்கா இருக்காது. வலது பக்கம் போனால் சரிவுத் தெரு, ஊரே அங்கேதான்.

"இடது பக்கம் போ, நான் பூட்டிட்டு வரேன்" என்றாள் டினோரா.

காதில் பஞ்சு. கெசியா அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள், வலது பக்கம் போனாள்.

பூட்டிவிட்டுத் திரும்பிய டினோராவுக்கு உயிர் போய் வந்தது. கூட்டத்துக்கு மேலே இரண்டு கம்பிகள் மட்டும் தெரிந்தன.

"கெசியா! ஏய் கெசியா! யாராவது பிடிங்கப்பா, கம்பி வச்ச பொண்ணு!"

காது பஞ்சில் அடைத்துக் கிடக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு என்ன பயன்? முட்டி மோதி உள்ளே போனாள். யாரோ மாவைத் தூவினார்கள், யாரோ தண்ணீரை ஊற்றினார்கள். ஒரு கிழவர் அவள் தலையில் சிவப்புக் கொம்பு ஒன்றை மாட்டி, "அழகா இருக்கு தாயி!" என்று முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். கெசியா பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு படியில் மெத்தையைச் சாய்த்து, அதில் தலைவைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"ஐயோ, மயங்கிட்டா! இசையில சொக்கிட்டா என் பிள்ளை!" என்று டினோரா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த இடத்தில் கொம்பு குத்தியது.

"டினோரா!" என்று ஒரு குரல். டிரம்பெட்டும் தொப்பையுமாக அடெர்பால் நின்றான். 'மாமியார்' குழுவின் பேண்டு மாஸ்டர், பழைய கூட்டாளி. "கர்த்தரே உன்னை அனுப்பிச்சிருக்கார்!"

"கர்த்தரை இதுல இழுக்காத. வழியை விடு. பிள்ளைக்கு பஸ் போயிடும்."

"வழியா? எங்க இருக்கு வழி? திரும்பிப் பாரு."

பார்த்தாள். மேலே தலைகள், கீழே தலைகள். வந்த வழியும் அடைபட்டிருந்தது. ஒருவரும் நகரவில்லை.

"கொடிக்காரி கால் சுளுக்கி உக்காந்துட்டா" என்றான் அடெர்பால். "கொடி நகராம பேண்டு நகராது. பேண்டு நகராம ஜனம் நகராது. ஜனம் நகராம உன் பஸ்ஸுக்கு நீ பறந்துதான் போகணும். உன் பொண்ணு முதுகுல கம்பி இருக்கு, றெக்கை எங்க?"

"வேற யாராவது தூக்கட்டுமே!"

"யாரு? அந்தக் கொடி கனம் உனக்குத் தெரியாதா? தச்சதே நீதானே! பசங்க ரெண்டு பேர் தூக்கிப் பாத்தாங்க, ஒருத்தன் பல்லு போச்சு."

கொடி சுவரில் சாய்ந்திருந்தது. கத்திரிப்பூ நிற வெல்வெட், பொன் சரிகை, நடுவில் பெட்டியும் கையுமாக ஒரு மாமியார் படம். டினோரா அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். கீழே சபைப் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"பஸ் கிளம்பப் போகுது" என்று அழுதாள். "கர்த்தாவே, உமக்குத் தெரியும், இது பிள்ளைக்காக. அடெர்பால், முனை வரைக்கும்தான். ஆட மாட்டேன். சும்மா ஒரு கம்பைத் தூக்கிக்கிட்டு நடப்பேன், அவ்வளவுதான்."

"நட தாயே, யாரு ஆடச் சொன்னா?"

ஒரு கையால் மகளை எழுப்பினாள். சுளுக்கியவளின் இடுப்புப் பட்டையை வாங்கிக் கட்டி, கொடியை நிமிர்த்தி அதில் ஊன்றினாள். தெரு முழுக்க ஒரு கூச்சல் எழும்பியது. டிரம்பெட் எல்லாம் ஒன்றாக அலறின.

கொஞ்ச தூரம் நடந்தாள். அது நடைதான், கோர்ட்டில் நிரூபிக்கலாம். அதற்குப் பிறகு முழங்கால் தானாக மடிந்தது. பள்ளம் இருந்தது என்று சொல்லிக்கொண்டாள். அடுத்தபடி ஒரு காலில் குதித்தாள். அங்கேயும் ஒரு பள்ளம். பிறகு கொடியைச் சுழற்றி, குனிந்து, எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அதற்குச் சொல்லப் பள்ளம் எதுவும் அகப்படவில்லை.

"டினோரா வந்துட்டாடா!" என்று மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"வரல! நான் வரல! பிள்ளையை பஸ் ஏத்தப் போறேன்!" என்று அவள் சுழன்றுகொண்டே அழுதாள். கண்ணீர் நிஜம். சுழற்சியும் நிஜம்.

"அம்மா, இந்தப் பக்கம்மா" என்று கெசியா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"கண்ணை மூடிக்கடி! இதையெல்லாம் பாக்காத!"

முனை வந்தது. கொடியை யாரிடமாவது கொடுக்கலாம் என்று பார்த்தால், அடெர்பால் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தான். ஹாரன் மறுபடி கேட்டது. டினோரா கொடியும் கையுமாகச் சபைத் தெருவுக்குத் திரும்பினாள்.

கொடி எந்தப் பக்கமோ பேண்டு அந்தப் பக்கம். ஒலிண்டாவில் இதைக் கைக்குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேண்டு திரும்பியது. பேண்டு திரும்பியதும் ஜனம் திரும்பியது.

"வராதீங்க! ஐயோ, என் பின்னாடி வராதீங்க!" டினோரா ஓடினாள். கொடி ஓடினால் பாட்டைத் துரிதமாக்க வேண்டும் என்பது பேண்டுக்காரர்களின் கணக்கு. துரிதமாக்கினார்கள். அவள் இன்னும் வேகமாக ஓடினாள். அவர்கள் இன்னும் துரிதமாக்கினார்கள்.

சபை வாசலில் விசுவாசிகள் பஸ்ஸைச் சுற்றி நின்று பிரயாண ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். "ஆண்டவரே, இந்த இரைச்சலிலிருந்து எங்களை" என்று பாஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போது இரைச்சல் வாசலில் வந்து நின்றது. பாஸ்டர் கண்ணைத் திறந்தார். எதிரில் கொம்பு வைத்த சிஸ்டர் டினோரா, தலைக்கு மேல் வெல்வெட் மாமியார், பின்னால் ஊர். பாஸ்டர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு நின்றது. டினோரா கொடியோடு அப்படியே மண்டியிட்டாள்.

"சிஸ்டர் நோவேமியா, நான் விசுவாசத்துல பின்மாறிட்டேன். பாவி. என்னைச் சபையை விட்டே நிறுத்துங்க, ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இந்தப் பிள்ளையை மட்டும் ஏத்திக்கோங்க. இதையாவது காப்பாத்துங்க. இதுக்குத்தானே இவ்வளவு பாடு!"

சிஸ்டர் நோவேமியா பருத்த உடம்புக்காரி, பேச்சு குறைவு. முதலில் கொடியை வாங்கி அடெர்பாலிடம் கொடுத்தாள். கொம்பைக் கழற்றினாள். பிறகு கெசியாவின் தலைக்கட்டை அவிழ்த்து, காதுப் பஞ்சை எடுத்து, பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"இவளை ஏத்துங்க சிஸ்டர், நேரமாச்சு!"

"இவ என்கூட எங்க வீட்ல இருப்பா" என்றாள் நோவேமியா, பஸ் படியைக் காட்டியபடி. "நீங்க ஏறுங்க. போன ஞாயித்துக்கிழமை பாப்பா தனியா வந்து, 'எனக்கு இடம் வேணாம் ஆண்ட்டி, எங்கம்மாவை மட்டும் எப்படியாவது கூட்டிட்டுப் போயிடுங்க'ன்னு அழுதுட்டு, உங்க துணி ரெண்டு மூணையும் அன்னைக்கே கொண்டாந்து குடுத்துட்டா."