இறைச்சி அடுப்பில் அப்பாவின் கொடி

விஸ்கான்சின்,
ஜூலை 1

பிரியமுள்ள லொரைன் அக்காவுக்கு,

உன் தம்பி ராஸ்கோ பணிவோடு எழுதுவது. அரிசோனா வெயிலில் உனக்கும் அத்தானுக்கும் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். என் மானம் மட்டும் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்து நேற்றுத்தான் எழுந்து உட்கார்ந்தது. ஆகஸ்டில் குடும்பம் கூடும்போது, நீ அம்மாவுக்குத் தைத்துக் கொடுத்த மேஜை விரிப்பைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாய். கார் கொட்டகைப் பெட்டியில் இருக்கிறதாம். கடிதம் முடித்ததும் எடுத்து வைக்கிறேன்.

பதினோரு வருடமாக ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் எனக்கு என்ன பதவி என்று உனக்குத் தெரியும். குதிரைகளுக்குப் பின்னால் மண்வெட்டியும் வாளியுமாக நடந்து, அவை போடுவதை அள்ளுவது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டுவார்கள், நான் அள்ளுவேன். இந்த வருடம்தான் ஊர்வலக் கமிட்டித் தலைவர் லெஸ்டர் வோய்க்ட், போரில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தாரே அவர்தான், "ராஸ்கோ, நீ இந்தத் தடவை முன்னால கொடி பிடிச்சு நட" என்றார். அன்றைக்கு என் வீட்டுக்காரி மார்லீன் என்னைக் கண்ணாடி முன்னாலிருந்து இழுத்துக்கொண்டு வந்துதான் சாப்பிட உட்கார வைத்தாள்.

அந்தப் பெருமையில்தான் அப்பாவின் கொடி ஞாபகம் வந்தது. முப்பது வருடம் வாசல் கம்பத்தில் பறந்து நைந்து போனது. நைந்த கொடியைக் குப்பையில் போடக்கூடாது, மரியாதையாக எரித்துத்தான் வழியனுப்ப வேண்டும், அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். ஜூன் பதினாலாம் தேதி, கொடி நாளன்று, முன்னாள் படைவீரர் மன்றத்தில் எல்லோரும் கொண்டுவந்து எரித்தபோது நான் மீன் பிடிக்கப் போய்விட்டேன். அதனால் இருபதாம் தேதி, வீட்டுப் பின்புறத்தில், நம் இறைச்சி சுடும் அடுப்பையே மூட்டினேன். மேலே கோட்டும் டையும், கீழே அரைக்கால் சட்டை. தொண்ணூற்றைந்து டிகிரி வெயில், நாட்டுப்பற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. கொட்டகைப் பெட்டியிலிருந்து எடுத்த கொடியை நான் பிரிக்கவில்லை, பிரித்தால் அழுதுவிடுவேன். அப்பா முக்கோணமாகத்தான் மடிப்பார், இது சதுரமாக இருந்தது. கடைசிக் காலத்தில் கை தளர்ந்திருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கலங்கினேன். ஓரத்தில் மஞ்சள் கறை, கம்பத்துத் துரு. சல்யூட் அடித்துக்கொண்டே தீயில் வைத்தேன். லேசாகக் கடுகு வாசனை வந்தது. அடுப்பில் பழைய சாஸ் ஒட்டியிருக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் வில்மா தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தீ தெரிந்தது, கொடியின் கோடு தெரிந்தது. சல்யூட் மட்டும் செடி மறைத்துவிட்டது. முதலில் போலீஸுக்குப் போன் போட்டாள், பிறகு தேவாலயத்து ஜெபக் குழுவுக்கு. சாயங்காலத்துக்குள் நான் ஏழு கொடி கொளுத்தியிருந்தேன், அரைக்கால் சட்டையும் இல்லாமல்.

வந்த போலீஸ்காரன் டுவெய்ன், என்னிடம் இரண்டு தடவை பெயிலான மாணவன். "சார், கோபத்துல கொளுத்தினாலும் சரி, மரியாதையா கொளுத்தினாலும் சரி, சட்டப்படி ரெண்டும் குத்தமில்ல. ஆனா குப்பை எரிக்கணும்னா அனுமதிச் சீட்டு வேணும். சமையல்னா வேணாம். என்னன்னு எழுதட்டும்?"

"டேய், கொடியைக் குப்பைன்னு சொல்லச் சொல்றியா?"

"அப்ப சமைச்சீங்கன்னு எழுதிக்கவா?"

மார்லீன் சமையலறையிலிருந்து, "எழுதுப்பா, இந்த மனுஷன் எதைச் சமைச்சாலும் அப்படித்தான் கருகும்" என்றாள்.

அதற்குள் கல்லூரியிலிருந்து மூன்று பிள்ளைகள் போராட்ட அட்டையும் கையுமாக வந்து, என் துணிச்சலைப் பாராட்டினார்கள். அக்கா, பொய் சொல்வானேன், ஐந்து நிமிஷம் ஏற்றுக்கொண்டேன். நம் குடும்பத்தில் யாரும் என்னைத் துணிச்சல்காரன் என்று சொன்னதில்லையே. பிறகு உண்மையைச் சொன்னதும் ஜூனிப்பர் என்கிற பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. "மரியாதைக்கா கொளுத்தினீங்க? அரசாங்கத்து மேல கோபமே இல்லையா?"

"சொத்து வரி மேல கொஞ்சம் இருக்கும்மா."

அந்த நேரம் பார்த்து லெஸ்டர் வந்து நின்றார். என் கண்ணுக்கு மண்வெட்டிதான் தெரிந்தது. நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சாம்பலைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "நீ கொளுத்துவியா?"

"கொளுத்துவேன். அது என் உரிமை."

"ஆமா, உரிமைதான். அது பறிபோகக் கூடாதுன்னும்தான் நான் போருக்குப் போனேன். நீ கொளுத்து, நான் பக்கத்துல நின்னு வாய் வலிக்கிற வரைக்கும் உன்னைத் திட்டுவேன். அது என் உரிமை."

"திட்டிக்கோங்க. எனக்கும் வாய் இருக்கு, தாத்தா."

"அப்ப ஊர்வலத்துக்கு வா, உன் அட்டையையும் எடுத்துட்டு வா. ராஸ்கோ முன்னால போறான், மண்வெட்டிக்கு ஆள் இல்ல."

அவள் சிரித்தபடி ஒத்துக்கொண்டாள். அட்டையை மண்வெட்டிப் பிடியில் கட்டிக்கொள்வாளாம். லெஸ்டர் உருளைக்கிழங்கு சாலட் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகும் ஜெபக் குழுவுக்கு நான் ஏழு கொடிக்காரன்தான். நேற்று வில்மா வெள்ளரிக்காய் ஊறுகாயோடு வந்து, "அந்தச் செடியை வெட்டிட்டேன்" என்றாள். அவள் மன்னிப்புக் கேட்கும் விதம் அது. ஆக, நாலாம் தேதி காலை பத்து மணிக்கு உன் தம்பி ஊருக்கு முன்னால் நடக்கப் போகிறான்.

அத்தானுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் வீட்டு ஏசியைக் காப்பாராக.

உன் அன்புத் தம்பி,
ராஸ்கோ

பின்குறிப்பு: கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். பெட்டியின் அடியில் அப்பாவின் கொடி முக்கோணமாக, கச்சிதமாக இருக்கிறது. நட்சத்திரமும் கோடுமாக நீ இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்த விரிப்புத்தான் இல்லை. அந்த மஞ்சள் கறை துரு இல்லை அக்கா, கடுகு சாஸ், அத்தான் கொட்டியது. லெஸ்டரிடம் ஐந்தாம் தேதி நானே சொல்லிவிடுகிறேன். பேச்சுரிமைக்காகத் தீக்குப் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் கேட்கிறேன்: அதுவரை நீ வாயைத் திறக்காதே.