ஐம்பத்துமூன்றாம் வாரம்

"மகளுக்குக் குளிர் ஒத்துவராது. வீட்டைச் சூடாக வைத்திருக்கவும். மற்றவை தங்கள் விருப்பம்."

2007 மார்ச்சில் யாழ்ப்பாணத்திலிருந்து என் மாமனார் எனக்கு எழுதிய முதல் கடிதம் இப்படித்தான் முடிகிறது. அவர் அரச அலுவலகமான கச்சேரியில் பிரதம லிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய கடிதத்தில் ஒரு சொல்லைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அப்போது போரால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வரும் பாதை பூட்டியிருந்தது. சென்னையில் நடந்த எங்கள் கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகளை, படத்தில் மட்டும் கண்ட, நோர்வேயில் இருந்த ஒருவனுக்கு, இந்த ஒரே நிபந்தனையோடு கட்டிக்கொடுத்தார். என் படிப்பைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ அவர் ஒரு வரி கேட்கவில்லை. வீட்டுச் சூட்டைப் பற்றி மட்டுமே கேட்டார்.

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி வைப்பது என் பழக்கம். நாட்குறிப்பும் எழுதுகிறேன். ஒஸ்லோவில் எந்த ஆண்டு எந்த நாளில் முதல் பனி விழுந்தது என்று கேட்டால் பார்த்துச் சொல்வேன் (ஒருவரும் கேட்பதில்லை என்பது வேறு கதை). நாட்காட்டிகள் எப்படி உருவாகின, யார் யார் எப்படித் திருத்தினார்கள் என்று கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் வாசித்திருக்கிறேன். அப்படிப்பட்டவனை ஒரு நாட்காட்டியே கவிழ்த்துப் போட்டது.

நாங்கள் அப்போது ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில், ஓர வீட்டில் இருந்தோம். எந்தப் பக்கத்துக் காற்றும் முதலில் எங்களைத்தான் விசாரிக்கும். எனக்குச் சலவைத் தொழிற்சாலையில் வேலை, மனைவி வதனிக்கு முதியோர் இல்லத்தில். இரண்டும் சுழற்சி வேலை. பலரிடம் பேசி, கெஞ்சி, நாள் மாறி, ஒருவாறு இருவருடைய சுழற்சியையும் ஒன்றாக்கியிருந்தோம். ஒரு வாரம் இருவருக்கும் பகல் வேலை, அடுத்த வாரம் இருவருக்கும் மாலை வேலை. (இல்லாவிட்டால் பிரிட்ஜ் கதவில் ஒட்டும் துண்டுகளை வைத்தே குடும்பம் நடத்தியிருப்போம்.)

நோர்வேயில் தேதியைவிட வார எண்ணுக்குத்தான் மதிப்பு. பல் வைத்தியர் முப்பத்தெட்டாம் வாரம் வரச் சொல்வார், பள்ளிக்கூடம் எட்டாம் வாரம் விடுமுறை என்று அறிவிக்கும். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. எங்கள் வேலையையும் அப்படியே பிரித்து வைத்திருந்தேன்: இரட்டை எண் வாரம் பகல், ஒற்றை எண் வாரம் மாலை.

2009 இலையுதிர்காலத்தில் குளிர் ஏறத் தொடங்கியபோது, ஆளில்லாத வீட்டை எதற்குச் சூடாக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஹீற்றர்களுக்கு ஒரு டைமர் வாங்க முடிவுசெய்தேன். முடிவுசெய்ததற்கும் வாங்கியதற்கும் இடையில் பல வாரங்கள் போயின. ஸ்டோவ்னரில் ஒரு மின்சாதனக் கடையில் மூன்று வகை வைத்திருந்தார்கள். முதலாவது கையால் திருகுவது, ஒரு நாளுக்கு மட்டும் கணக்கு வைக்கும். இரண்டாவது ஒரு வாரத்துக்கு. மூன்றாவதுதான் என்னைப் பார்த்துச் சிரித்தது. அதில் தேதியும் வார எண்ணும் தெரியும். ஒற்றை வாரத்துக்கு ஒரு திட்டம், இரட்டை வாரத்துக்கு இன்னொரு திட்டம் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். நடையில் ஒரு தாய்ப்பெட்டி இருக்கும். ஒவ்வொரு ஹீற்றரின் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குட்டிப்பெட்டி. தாய் கட்டளையிட, குட்டிகள் கீழ்ப்படியும்.

வதனி திருகுவதைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இது காணும். வேலை மாறினால் ஒருக்கால் திருகிவிட்டாச் சரி."

"திருக மறந்தால்?"

"மறந்தால் குளிரும். குளிர்ந்தால் ஞாபகம் வரும்."

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை என்பதால் மூன்றாவதையே வாங்கினேன். அவள் ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். குளியலறைத் தரைக்குக் கீழே ஓடும் சூட்டுக் கம்பியில் நான் கை வைக்கக் கூடாது. அங்கேதான் தோசை மா வாளி புளிக்க வைப்பது. சூடில்லாத தரையில் நோர்வே மா எத்தனை நாள் இருந்தாலும் பொங்காது. சரி என்று விட்டுக்கொடுத்தேன். விஞ்ஞானம் நுழையாத ஒரு மூலை வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற பெருந்தன்மை.

பெட்டி சொன்னபடி வேலை செய்தது. மாலை வேலை வாரங்களில் காலையில் சூடேற்றி, நாங்கள் புறப்பட்டதும் அணைந்து, இரவு திரும்பும் நேரத்துக்கு மறுபடி எழும்பியது. பகல் வேலை வாரங்களில் விடியுமுன் எழுந்தது, பின்னேரம் எங்களை வரவேற்றது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினேன். தேத்தண்ணிக்கு முன் பெட்டி, தேத்தண்ணிக்குப் பின்னும் பெட்டி.

போர் முடிந்து, பாதை திறந்து, மாமா கொழும்புக்கு வந்து, விசாவும் கிடைத்தது. மூன்று மாதம் எங்களோடு தங்குவார். நான் கணக்குப் பார்த்து, இருவருக்கும் பகல் வேலை வரும் வாரத்தில் அவர் இறங்கும்படி பயணச்சீட்டு எடுத்தேன். 2010 ஜனவரி 4, திங்கட்கிழமை. வேலை முடிந்து நேரே விமான நிலையம் போகலாம். நாங்கள் திரும்பும்போது வீடு சூடாக இருக்கும். கடிதத்தில் இருந்த அந்த ஒரு வரிக்கு என் பதில் தயாராக இருந்தது.

இனி என் நாட்குறிப்பு: "28-12-2009. இன்று ஐம்பத்துமூன்றாம் வாரம் தொடங்குகிறது. மிக அபூர்வம். வேலைத்தளத்தில் விளக்கினேன்."

விளக்கியது உண்மை. பெரும்பாலான ஆண்டுகளுக்கு ஐம்பத்திரண்டு வாரம்தான், சில ஆண்டுகளுக்கு ஒன்று கூடும் என்று சாப்பாட்டு மேசையில் நெடுநேரம் பேசினேன். ஐம்பத்துமூன்று ஒற்றை எண், அதற்கு அடுத்து வரும் ஒன்றும் ஒற்றை எண், அப்படியென்றால் வரும் வாரமும் மாலை வேலையா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி என்று பாராட்டினேன். எண்ணைப் பார்க்காதீர்கள், வரிசையைப் பாருங்கள். இது மாலை, அடுத்தது பகல் என்று தீர்ப்பும் சொன்னேன். எண்ணை மட்டுமே பார்க்கத் தெரிந்த ஒரு பெட்டியை வீட்டு நடையில் மாட்டி வைத்திருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஜனவரி 4 விடியற்காலை எழும்பியபோது மூச்சு புகையாக வந்தது.

"வீடு குளிருது," என்றாள் வதனி.

"வெளியாலை மைனஸ் பதினெட்டு. உள்ளுக்கு வேறை எப்பிடி இருக்கும்?" என்றேன், வெப்பமானியைக்கூடப் பார்க்காமல்.

மாமா சுத்த சைவம். இனி மூன்று மாதத்துக்கு இல்லையென்று முதல்நாள் மீன் பொரித்துத் தின்றிருந்தோம். அந்த மணம் போகட்டுமென்று குசினி யன்னலைச் சற்றே திறந்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டோம். பெட்டி சமாளித்துக்கொள்ளும் என்று நான்தான் சொன்னேன்.

மாமா விமான நிலையத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்து இறங்கினார். மகளைக் கண்டதும் பையைக் கீழே வைத்தார். அவள் தலையில் கையை வைத்து வெகுநேரம் நின்றார். காரில் ஏறியதும் நான் வீட்டின் வெப்ப ஏற்பாட்டை விளக்கத் தொடங்கி, குரோருட் வரும்வரை விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார்.

கதவைத் திறந்தேன். மாடிப்படியில் இருந்த சூடு எங்களைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடியது. நடை வெப்பமானி ஒன்பது பாகை காட்டியது. தாய்ப்பெட்டியின் கண்ணாடியில் "1" என்ற வார எண் தெளிவாகத் தெரிந்தது. ஒற்றை வாரம். பெட்டியைப் பொறுத்தவரை நாங்கள் மாலை வேலையில் இருந்தோம். காலை முழுவதும் ஆளில்லாத வீட்டை அன்போடு சூடாக்கி, யன்னல் வழியாகக் குரோருட்டுக்குத் தானம் செய்துவிட்டு, மத்தியானத்தோடு அணைந்துவிட்டது.

மாமா குனிந்து நிதானமாகச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பெட்டியின் பொத்தான்களை அமத்தினேன். ஒரு பயணப்பெட்டிப் படம் வந்தது. ஊரிலிருந்து பயணப்பெட்டியோடு ஆள் வந்திருக்கிறார், இதுதான் பொருத்தம் என்று அதைத் தெரிவுசெய்தேன். எத்தனை நாள் என்று கேட்டது. விசா நாட்களைக் கணக்கிட்டுத் தொண்ணூறு என்று அடித்தேன்.

குட்டிப்பெட்டிகள் எல்லாம் ஒருசேரக் கண்ணை மூடின. பயணப்பெட்டிப் படத்தின் அர்த்தம், வீட்டுக்காரர் ஊருக்குப் போகிறார் என்பது. இனி ஏப்ரல் வரைக்கும் சூடு கிடையாது.

"பெட்டியோடை ஆள் வந்திருக்கிறார் எண்டு அதுக்குச் சொன்னனீங்களோ?" என்றாள் வதனி, மிகவும் மெதுவாக.

கட்டளையை மாற்ற நான்கு இலக்க இரகசிய எண் வேண்டும். ஏதோ ஒரு தேதியைக் கொடுத்திருந்தேன். என் தலையில் தேதிகள் அதிகம், அதுவே சிக்கல். எங்கடை கலியாண நாளாக இருக்கும் என்றாள். இல்லை. (அது தனி வழக்காக இன்னும் நடக்கிறது.) மூன்றாம் தடவையும் பிழைத்ததும் பெட்டி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. பெட்டியை வாங்கிய தேதிதான் அந்த எண் என்பது இரண்டு நாள் கழித்து நினைவுக்கு வந்தது.

அந்த வீட்டில் சூடான இடம் இனி ஒன்றுதான். வதனி சாப்பாட்டு மேசைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்தாள். "அப்பா, இஞ்சை வந்து இருங்கோ."

மாமா வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் சலவை இயந்திரம், மறுபக்கம் துவாயால் மூடிய தோசை மா வாளி. வதனி தரையிலேயே அப்பாவின் காலடியில் இருந்துகொண்டாள். மிச்சமிருந்த ஒரே ஆசனம் கொமட் மூடி. அதில் அமர்ந்து, மடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு, மாமனாரிடம் பயணம் எப்படி என்று விசாரித்த மருமகன் நம் சமூகத்தில் வேறு யாரும் இருந்தால் எனக்கு எழுதலாம்.

"தம்பி, இஞ்சை வாறவையை இதுக்குள்ளைதான் இருத்திறதோ?"

"இல்லை மாமா. இண்டைக்கு மட்டும்."

அவர் தலையசைத்தார். பிறகு என்னை மறந்துவிட்டார். இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள்: யார் எங்கே இருக்கிறார்கள், எந்த வீடு நிற்கிறது, எது இல்லை, கிணற்றுத் தண்ணீர் எப்படி. வாளிக்குள் மா மெல்ல ஏறி, துவாயை உயர்த்திக்கொண்டு வந்தது. இடையில் ஒருமுறை மாமா மகளின் வெறும் பாதங்களைப் பார்த்தார்.

"கால் குளிரேல்லையே, பிள்ளை?"

"இல்லையப்பா. சூடாயிருக்கு."

அதன்பின்னும் நெடுநேரம் கழித்து, என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தக் குட்டிப்பெட்டியளைக் கழட்டிப்போட்டு, ஹீற்றரை நேரை சுவரிலை செருகினால் எரியாதோ?"

எரிந்தது. எல்லா அறையிலும் எரிந்தது.

மூன்று மாதம் முடிந்து ஊர் திரும்பிய மாமா ஒரு கடிதம் போட்டார். "வீடு சூடாக உள்ளது. குறிப்பாகக் குளியலறை. மற்றவை தங்கள் விருப்பம்." அதுவும் தேதிவாரியாக அடுக்கில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குப் பதிலாக வாங்கிய திருகும் டைமர் இன்று வரை எங்களுக்குக் காணும். பின்னால் பிறந்த எங்கள் மகளுக்கு, கறியில் உப்புக் கூடினாலும், ரயில் தவறினாலும், நான் எதையாவது விளக்கத் தொடங்கினாலும் அது "அம்பத்துமூண்டாம் வாரம்".

ஒரு விஷயம் மட்டும் பதிவில் முழுமையாக இல்லை. அன்று சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோதே அப்பா ஹீற்றருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த குட்டிப்பெட்டியை உற்றுப் பார்த்தார், வழி அப்போதே அவருக்குத் தெரியும் என்கிறாள் வதனி. தெரிந்தும், மகளோடு அந்தச் சூடான தரையில் அவ்வளவு நேரம் இருந்துவிட்டுத்தான் சொன்னாராம். நான் தொலைபேசியில் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை, "அண்டைக்குத் தேத்தண்ணி நல்லாயிருந்தது," என்றார். இரண்டாம் தடவை, "இப்ப எத்தினையாம் வாரம், தம்பி?" என்றார்.

ஆகவே, இத்தகவல் இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.