பட்டியலில் இல்லாத பூட்டுக்காரர்

இந்த உலகத்தில் ஒருவன் இருக்கிறான் என்று ஆவதற்குப் பிறந்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு பட்டியலிலும் இருந்தாக வேண்டும் என்பது நம் பூட்டுக்காரருக்கு நாற்பத்தேழாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை, தொழில் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

சாவியைத் தொலைத்தவர்கள், உள்ளே வைத்துச் சாத்திக்கொண்டவர்கள், பெண்டாட்டியோடு சண்டை போட்டுச் சாவியைச் சாக்கடையில் எறிந்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒன்பது நாளாக போன் மூச்சு விடவில்லை. பத்தாம் நாள் மனைவியின் அண்ணன் வந்து நாற்காலி நிறைய உட்கார்ந்தார். ஊரில் பெரிய கிடங்கு வைத்திருப்பவர்.

"மாப்ளே, மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. இல்லேன்னா நம்ம கிடங்குக்கு வாட்ச்மேனா வந்துடுங்க. பூட்டைத் திறந்தது போதும், இனிமே பூட்டைப் பார்த்துக்கிட்டு உட்காருங்க."

பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. மச்சான் கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மச்சான் கார் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பதா? அன்று மாலையே ஓர் இணைய ஆலோசகரைப் போய்ப் பார்த்தார்.

"பெரிய தேடுபொறியில உங்க இணையதளம் நாற்பத்திரண்டாவது பக்கத்துல இருக்கு சார்," என்றார் ஆலோசகர், எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் முகத்தோடு. "அந்தப் பக்கத்துக்கு, அதை உண்டாக்கினவனே போனதில்லை. ஆனா சின்னத் தேடுபொறி, தொழில் வழிகாட்டின்னு நானூத்திப் பன்னிரண்டு பட்டியல் இருக்கு. எல்லாத்துலயும் பதிஞ்சிடுங்க."

"அதையெல்லாம் யாரு பாக்கறாங்க?"

"பதியறவங்க பாப்பாங்க. நம்ம பேரு வந்தாச்சான்னு."

இதில் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. பூட்டுக்காரர் பதிய ஆரம்பித்தார். ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரே ஒரு நிபந்தனை: தங்கள் சின்னத்தை அவருடைய முகப்புப் பக்கத்தின் உச்சியில் வைக்க வேண்டும். வைத்தார். ஒவ்வொரு சின்னமாக ஏற ஏற அவருடைய போன் நம்பர் ஒவ்வொரு படியாக இறங்கியது. முந்நூறாவது சின்னத்தின்போது, கட்டைவிரல் வீங்கும்வரை உருட்டினால்தான் நம்பரின் தலை தெரியும் என்றானது.

ஒரு பட்டியல் மட்டும் முறையாக மறுத்து எழுதியிருந்தது: 'தங்கள் தளத்தில் பூட்டு குறைவாகவும் பட்டியல் மிகுதியாகவும் காணப்படுவதால், தங்களைப் பட்டியல்களின் பட்டியலில் சேர்த்துள்ளோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். "ஏங்க, அப்ப இப்ப நீங்க யாரு?"

"முன்னேறிக்கிட்டிருக்கேன்," என்றார்.

"பக்கத்து வீட்டுக் குழாய்க்காரத் தம்பி நம்பரைச் சாக்பீஸால கேட்டுல எழுதி வச்சிருக்கு. அதுக்குச் சாப்பிட நேரமில்லை."

"அது பிரபலம். இது இருப்பு. ரெண்டும் வேற."

நானூற்றுப் பதினொன்று முடிந்தது. கடைசியாக மிஞ்சியது அகில தொழில் வழிகாட்டி. அதன் அலுவலகம் அதே ஊரில், மூன்றாம் மாடியில். விண்ணப்பம் 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலே மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தது. மாசக் கடைசிக்கு இரண்டு நாள்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரிலேயே கிளம்பிவிட்டார்.

மாடி வராந்தாவில் தலைமைப் பரிசீலகர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் இரண்டு எழுத்தர்கள். அலுவலகக் கதவு பூட்டியிருந்தது. பாதிச் சாவி பூட்டுக்குள், மீதிச் சாவி பரிசீலகர் கையில். மூவரும் தங்கள் வழிகாட்டியிலேயே போனில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"பூட்டுத் திறப்போர் பிரிவுல ஒருத்தர்கூட இல்லையேய்யா," என்றார் பரிசீலகர்.

"சார், நான் பூட்டுக்காரன். விண்ணப்பம் போட்டிருக்கேன்."

"அது பரிசீலனையில இருக்கு."

"எங்க சார்?"

"உள்ள."

பூட்டுக்காரர் பையைத் திறந்தார். பரிசீலகர் கையை நீட்டித் தடுத்தார்.

"அவசரப்படாதீங்க. உங்களைக் கூப்பிடணும்னா நீங்க பட்டியல்ல இருக்கணும். பட்டியல்ல சேர்க்கணும்னா நான் உள்ள போகணும்."

"நான்தான் கூப்பிடாமலே வந்துட்டேனே சார்!"

"அதுதான் சிக்கலே."

அவர்கள் இதை ஆலோசித்துக்கொண்டிருக்கும்போது, கை அரிப்பு தாங்காமல் பூட்டுக்காரர் ஒரு கம்பியை விட்டுத் திருப்பினார். உடைந்த துண்டு விழுந்தது. கதவு திறந்துகொண்டது. ஒருவரும் உள்ளே போகவில்லை.

"பதிவு பெறாதவர் திறந்த பூட்டு, விதிப்படி பூட்டியதாகவே கருதப்படும்," என்றார் பரிசீலகர் வருத்தத்தோடு. அரை மணி நேரம் நால்வரும் திறந்த கதவுக்கு வெளியே நின்றார்கள்.

மூத்த எழுத்தர்தான் வழி கண்டுபிடித்தார். பரிசீலகர் பார்வையாளர் என்ற முறையில் உள்ளே போனார். விண்ணப்பத்தைப் பரிசீலித்து ஏற்றார். வெளியே வந்தார். பூட்டுக்காரர் கதவைத் திரும்பப் பூட்டினார். பரிசீலகர் வழிகாட்டியில் தேடினார், பேர் வந்தது, கூப்பிட்டார்.

இரண்டடி தூரத்தில் பூட்டுக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது. எத்தனை வாரத்துக்கு அப்புறம்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஹலோ, பூட்டுக்காரரா? உடனே வர முடியுமா?"

"எங்க இருக்கீங்க சார்?"

"அகில தொழில் வழிகாட்டி, மூணாவது மாடி."

"இதோ, வந்துட்டேன்!" என்று ஓர் அடி எடுத்து வைத்தார். கதவு முறைப்படி திறந்தது.

வெற்றியோடு வீட்டுக்கு வந்தால், வாசல்படிவரை தண்ணீர். சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டு பீய்ச்சியடித்தது. பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் ஸ்பேனரோடு வாசலில் நின்றார். மனைவி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வாளியோடு நின்றாள்.

"அண்ணே, நகருங்க, ரெண்டு நிமிஷ வேலை."

"இருங்க தம்பி." பூட்டுக்காரர் கூடத்துக் கட்டிலின் மேல் ஏறி நின்று வழிகாட்டியைத் திறந்தார். "குழாய்ப் பிரிவுல உங்க பேரு இல்லையே?"

குழாய்க்காரர் முகம் வாடிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இல்லையாண்ணே?" என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரும் கட்டிலில் ஏறிக்கொண்டார். "எப்படிண்ணே சேர்றது? முதல் கட்டத்துல என்ன எழுதணும்?"

மனைவி இருவரையும் ஒரு தடவை பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு அண்ணனுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, அந்த வாட்ச்மேன் வேலை இன்னும் இருக்கா?"

அண்ணன் குரல் கட்டில்வரை கேட்டது. "இருக்கும்மா. ஆனா இப்பல்லாம் ஆளை நேரா எடுக்கிறதில்லை. நேத்துதான் ஒரு ஆலோசகர் வந்து சொன்னாரு. இனிமே பட்டியல்ல பார்த்துத்தான்."

கட்டிலிலிருந்து இரண்டு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

"எந்தப் பட்டியல்னு கேளு," என்றார் பூட்டுக்காரர்.