ஜெயிக்கிற மாதிரி ஒரு படம்

"போட்டோ இல்லாட்டி மேடை இல்ல சார். அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க. இல்லைன்னா அடுத்த ஸ்கூலைக் கூப்பிட்டுக்கறோம்."

விளையாட்டுச் சங்கச் செயலாளர் போனை வைத்துவிட்டார். பி.டி. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தடகளத்தில் மெடல் வாங்கிய மாணவியையும் பயிற்சியாளரையும் இன்று மாலை மேடையேற்றிக் கௌரவிக்கப் போகிறார்கள். அவள் ஜெயித்த கணம் பின்னால் பெரிய திரையில் தெரிய வேண்டுமாம். ஆயுசு முழுக்க விசில் ஊதிய மனிதருக்கு ஒரு கைதட்டல்கூட விழுந்ததில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, இப்போது படம் இல்லை.

எப்படி இருக்கும்? எல்லாப் பெண்களையும் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்துவிடுவதுதான் அவருடைய பயிற்சி முறை. எங்கேயாவது ஒன்று மாட்டாதா என்ற நப்பாசை. மாட்டிய நேரத்தில் அவர் மைதானத்துக்கு வெளியே பஸ் டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் பள்ளியின் பெயரும் 'முதலிடம்' என்பதும் காதில் விழ, தலைதெறிக்க ஓடிவந்தார். கழுத்தில் மெடலோடு நின்றவளுக்கு அந்த இடத்திலேயே 'மின்னல்' என்று பெயர் சூட்டினார்.

"அதனால என்ன சார், இன்னொரு தடவை ஓடவிட்டு எடுத்துடலாம்" என்றார் அவசரமாக வரவழைக்கப்பட்ட ஸ்டூடியோக்காரர்.

"தனியா ஓடினா ஜெயிச்ச மாதிரியாய்யா இருக்கும்? நாய் துரத்தின மாதிரி இருக்கும்!"

விடுமுறை நாள். வீட்டிலிருந்து வரவழைத்த மின்னலைத் தவிர, பள்ளியில் இருந்தது வாட்ச்மேனும் ஆய்வக உதவியாளரும்தான். இருவருக்கும் பனியன் மாட்டி, மின்னலுக்குப் பின்னால் ஓடச் சொன்னார்.

"சார், எனக்கு மீசை இருக்கே?" என்றார் வாட்ச்மேன்.

"மங்கலாத்தான் தெரியும். ஓடுய்யா!"

விசில் ஊதினார். முதலில் வந்தது வாட்ச்மேன். அடுத்து ஆய்வக உதவியாளர். மின்னல் வந்து சேர்வதற்குள் ஸ்டூடியோக்காரர் லென்ஸைத் துடைத்து உறையில் போட்டுவிட்டார்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"இவ்வளவுதான் சார் வருது."

மெடல் வாங்கினதும் உடம்பு வணங்கவில்லை என்று பி.டி. மாஸ்டர் பல்லைக் கடித்தார். மற்ற இருவரையும் மெதுவாக ஓடச் சொன்னார். மெதுவாக ஓடினார்கள். அப்படியும் முந்தினார்கள்.

"இதுக்கு மேல மெதுவான்னா நின்னுடணும் சார்" என்றார் வாட்ச்மேன்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"எங்க அண்ணன் குடும்பத்தோட கிளம்பிட்டாரு. உங்களுக்குப் பாராட்டுன்னதும், 'எதுக்கு?'ன்னு கேட்டாரே, அதே அண்ணன்தான். இன்னிக்காவது என் மானத்தைக் காப்பாத்துங்க!"

போனை வைத்ததும் அவருக்கு அடுத்த யோசனை பிறந்தது. இருவரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டு ஓட வேண்டும். வேகம் தானாகக் குறையும், மீசையும் மறையும்.

வேகம் குறையவில்லை. ஆய்வக உதவியாளர் நேரே போய்க் காமிரா முக்காலியில் மோதினார். காமிரா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மண்ணில் கிடந்து முனகியவரை மின்னல் அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய் நிழலில் கிடத்தினாள்.

"காமிராவுக்கு யாரு சார் பதில் சொல்றது?" ஸ்டூடியோக்காரர் கத்தினார். "சரி, போன்லயாவது எடுத்துத் தொலைக்கறேன். ஆனா இந்தப் பொண்ணு முதல்ல வரணுமே!"

மறுபடியும் விசில். வாட்ச்மேன் இந்த முறை வேண்டுமென்றே நொண்டிக்கொண்டே வந்தார். முதலாவதாக வந்தார்.

பி.டி. மாஸ்டர் வெற்றிக் கோட்டின் மேலேயே சப்பென்று உட்கார்ந்துவிட்டார். அஞ்சாகப் போகிறது. மேடை போயிற்று. மைத்துனர் வந்து காலி மேடையைப் பார்த்துச் சிரிப்பார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"என் பயிற்சியில ஒருத்தி ஜெயிச்சான்னு காட்ட ஒரு படத்துக்குக்கூட எனக்குக் கொடுத்து வைக்கலையே! அன்னிக்கு அத்தனை பேரையும் முந்தினியேம்மா. இன்னிக்கு ஒரே ஒரு தடவை முந்தக் கூடாதா?"

மின்னல் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறியபடி நின்றாள்.

"சார், ஓட்டத்துல அன்னிக்கும் நான் கடைசிதான். மெடல் வாங்கினது குண்டு எறியறதுல."